நின்று காட்டிய பிள்ளை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்று எங்கள் அலுவலகத்தில் சொல்வார்கள். வரட்டும். பதினைந்து வருடமாகக் கொடையாளிகளுக்கு விண்ணப்பம் எழுதியே சோறு தின்கிறவளுக்குக் கோபம் வராவிட்டால்தான் டொக்டரிடம் காட்ட வேண்டும்.

கண்டி நகரத்தில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். அதுதான் எங்கள் நிறுவனம். நான்கு பேர் வேலை செய்கிறோம். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ஒரு காலத்தில் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடமாக இருந்து பூட்டிக் கிடந்த பழைய பிள்ளைக்காம்பராவைத் தோட்ட நிர்வாகியான துரையிடம் கெஞ்சி வாங்கி, நடக்க முடியாத பிள்ளைகளுக்கு ஒரு பகல்நேர நிலையம் நடத்துகிறோம். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். வாரத்தில் இரண்டு நாள் பிசியோதெரபி செய்ய ஒரு பெண் வருவாள். திகனவைச் சேர்ந்த முஸ்லிம் பெண். இரண்டு பஸ் மாறி, தலாத்துஓயா வளைவுகளில் வாந்தி எடுக்காமல் வந்து சேருவதே ஒரு சாதனை. அவளுடைய சம்பளத்தை இரண்டு வருடமாகக் கொழும்பில் உள்ள ஓர் அறக்கட்டளை கொடுத்துவந்தது. நான் சொல்ல வருவது மூன்றாவது வருடத்தைப் பற்றி.

அதற்கு முன் இந்த விண்ணப்பப் படிவங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. பயிற்சிப் பட்டறை என்று எழுதினால் பணம் உண்டு. ஏரிக்கரை ஹோட்டலில் மண்டபம், பகல் சாப்பாடு, ஆளுக்கொரு துணிப்பை, மேடைக்குப் பின்னால் தொங்கவிட ஒரு பெரிய பேனர், எல்லாவற்றுக்கும் உண்டு. ஒரு பிள்ளையின் காலை வாரம் இரண்டு தடவை பிடித்து நீட்டிவிடுகிற கைகளுக்குச் சம்பளம் என்று எழுதினால் மட்டும் நெற்றியைச் சுருக்குவார்கள். எங்கள் உதவி நின்ற பிறகு இந்தத் திட்டத்தை எப்படித் தொடர்வீர்கள் என்ற கேள்வி எல்லாப் படிவத்திலும் இருக்கும். பிள்ளைகளை அதற்குமேல் வளர வேண்டாம் என்று சொல்லிவிடுவோம் என்று ஒரு தடவை எழுதினேன். எங்கள் பணிப்பாளர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், நாங்கள் சேர் என்போம். அவர் அதை வெட்டிவிட்டு, சமூகப் பங்களிப்பு மூலம் என்று எழுதினார்.

நிலையத்தில் ஒரு பிள்ளை இருந்தாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. பிறக்கும்போது மூச்சு முட்டியதில் கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரிக் குறுக்கே பின்னிக்கொள்ளும். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. யார் சாப்பாட்டுப் பெட்டியில் கருவாடு இருக்கிறது என்பது முதலில் அவளுக்குத்தான் தெரியும். தகப்பன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை, தீபாவளிக்கும் தேர்த் திருவிழாவுக்கும் வந்து போவார். தாய் மலையில் கொழுந்தெடுப்பவள். காலையில் பிள்ளையை முதுகில் சுமந்துகொண்டு வந்து விட்டுவிட்டு, அதே முதுகில் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு ஓடுவாள்.

கண்டி ஆஸ்பத்திரியில் இதே பயிற்சி இலவசமாக உண்டே என்று என்னிடம் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். உண்டுதான். எட்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலைப் படிகளில் இறங்கி, பஸ் பிடித்து, வரிசையில் நின்று, திரும்பி வந்தால் அன்றைக்குத் தாய்க்குப் பேர் விழாது. தோட்டத்தில் பேர் விழாவிட்டால் அன்றைய கூலி இல்லை. வாரத்தில் இரண்டு நாள் பேர் இல்லாமல் அடுப்பு எரியுமா என்று கேட்டால், கேட்டவர்கள் கைப்பேசியைப் பார்ப்பார்கள்.

தண்ணீர்க் குழாய்களை வளைத்துத் தோட்டத் தொழிற்சாலையில் மெஷின் பழுதுபார்க்கும் பிட்டர் ஒருவர் செய்து தந்த கம்பிகளுக்கு நடுவில், அந்தப் பிள்ளை இரண்டு வருடம் பாடுபட்டாள். முதலில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு கையை விட்டு நின்றாள். நிற்கும் நேரத்தை அவளே எண்ணுவாள். நான்குக்குப் பிறகு ஏழு என்று தாவி ஏமாற்றுவாள், பிசியோ மிஸ் மறுபடி முதலிலிருந்து எண்ண வைப்பாள். ஒரு நாள் மதியம் கை கழுவிக்கொண்டே மிஸ் என்னிடம் சொன்னது எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது.

“இன்னும் ஒரு வருஷம், அக்கா. விடாம செஞ்சா இந்தப் புள்ள தானா நடந்து ஸ்கூலுக்குப் போகும். இடையில உட்டா கால் இறுகிடும். வளர்ற வயசு. எலும்பு யாருக்கும் காத்துக்கிட்டு ஈக்காது.”

அந்த ஒரு வருடத்துக்குத்தான் விண்ணப்பம் போட்டிருந்தோம். முடிவு எடுப்பதற்கு முன் அறக்கட்டளையிலிருந்து ஒரு மேடம் வந்து, பயன்பெறும் குடும்பம் ஒன்றை வீட்டிலேயே பார்க்க வேண்டும் என்றார்கள். இந்தப் பிள்ளையின் வீட்டைத்தான் நாங்கள் சொன்னோம்.

வருவதற்கு நான்கு நாள் இருக்கும்போது சேர் என்னைக் கூப்பிட்டார். “தோட்டத்து ஆளுகளுக்குக் கொஞ்சம் சொல்லி வைங்க. ரொம்ப எடுப்பா ஒண்ணும் செய்ய வேணாம். இருக்கிறபடி இருக்கட்டும்.” அவர் என்ன சொல்கிறார் என்பது எனக்கு நன்றாகப் புரிந்தது. தலையை ஆட்டினேன். போய்ச் சொல்லவில்லை.

நானும் தோட்டத்து லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டி நிற்கும் தொழிலாளர் வீடுகளில் ஒன்றில், பிறந்தவள்தான். எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது எங்கள் தோட்டப் பாடசாலைக்கு யாரோ அப்பியாசக் கொப்பி கொடுக்க வந்தார்கள். அம்மா முந்தின நாளே என் வெள்ளைச் சட்டைக்கு நீலம் போட்டுத் துவைத்து, அக்காவின் செருப்பை எனக்குப் போட்டு அனுப்பினார். படம் எடுக்க நிறுத்தியபோது டீச்சர் என் காதுக்குள், “செருப்பைக் கழட்டிட்டு நில்லு” என்றார். கழற்றினேன். ஈர மண்ணில் கால் விரல்களை மடக்கி மடக்கி மறைக்கப் பார்த்தேன். அந்த டீச்சர் மீதான கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அதனால் இன்னொருத்தியின் வாசலில் போய், உன் வீட்டைக் கொஞ்சம் மோசமாக வைத்துக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

லயத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. பெண் பார்க்க வந்தாலும் சரி, வெளியூர்ச் சம்பந்தி வந்தாலும் சரி, ஒரு வீட்டுக்கு வரும் விருந்தாளி முழு லயத்துக்கும் விருந்தாளி. எல்லா வீட்டிலும் இருக்கும் நல்ல சாமான்கள் அந்த ஒரு வீட்டுக்கு வந்துவிடும். விருந்தாளி போனதும் அததன் வீட்டுக்குத் திரும்பிவிடும். யாரும் எழுதி வைப்பதில்லை, ஒன்றும் தொலைவதுமில்லை. இன்னொன்றும் உண்டு. எது யாருடையது என்று விருந்தாளியின் காதில் விழப் பேசக் கூடாது. இரவல் என்று சொன்னால் கொடுத்தவளுக்கும் அவமானம், வந்தவர்களுக்கும் அவமானம்.

நான் அந்த மேடத்தை அழைத்துக்கொண்டு போனபோது முன்வாசல் தாழ்வாரமான இஸ்தோப்பில் சிவப்புப் பொலிஷ் முகம் தெரிகிற மாதிரிப் பளபளத்தது. மூன்று வீட்டுக் கதிரைகள் வரிசையாக இருந்தன. லயத்தின் கடைசியில் இருக்கும் கோடி வீட்டுப் பெரிய டிவி உள்ளே மேசையில் இருந்தது. புதிதாகக் கல்யாணம் முடித்து வந்த பெண்ணின் பூப்போட்ட திரைச்சீலை ஜன்னலில் தொங்கியது. தங்க விளிம்பு வைத்த கோப்பைகள் லயத்துக்கே ஒரு செட்தான், அவையும் வந்திருந்தன. கேக் இருந்தது, கோழிவாழைப் பழம் இருந்தது. தாய் கல்யாணச் சேலை கட்டியிருந்தாள். அன்றைக்கு அவள் மலைக்குப் போகவில்லை. பிள்ளை பச்சைப் பட்டுப்பாவாடையும் கழுத்தில் பக்கத்து வீட்டுச் சங்கிலியுமாக ஒரு கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேடத்தைக் கண்டதும் பிள்ளை வணக்கம் சொல்ல வேண்டும் என்று தாய் சொல்லி வைத்திருந்தாள். வணக்கம் சொல்ல இரண்டு கைகளும் வேண்டும். பிள்ளை கதிரையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், பிறகு இரண்டு கையையும் விட்டுவிட்டுக் கும்பிட்டாள். எதையும் பிடிக்காமல் அவள் நின்றது அதுதான் முதல் தடவை. நான் மனதுக்குள் எண்ணினேன். பன்னிரண்டு வந்தபோது தாய் கதிரையைத் தள்ளிக் கொடுத்தாள். வாசலில் நின்ற பெண்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். நானும் துடைத்தேன். மேடம் படம் எடுத்தார்.

அவர் கெட்டவர் அல்ல. தமிழர், கொழும்பில் படித்தவர், பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து அன்பாகத்தான் பேசினார். கேக் சாப்பிட்டார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “டிவி எப்ப வாங்கினது?” என்று சாதாரணமாகக் கேட்டார்.

தாய் சிரித்தாள். “இப்பதாங்க மேடம்.”

கோடி வீட்டுக்காரி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நான் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, தங்க விளிம்புக் கோப்பையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஜீப்புக்குத் திரும்பி நடக்கும்போதாவது சொல்லியிருக்கலாம். எங்கள் சனம் எவ்வளவு அழகாக வரவேற்றது என்ற பெருமையில் நான் மிதந்துகொண்டிருந்தேன்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது, மதிப்பெண் தாளும் சேர்ந்து. தேவை என்ற இடத்தில் மிகக் குறைந்த புள்ளி. குடும்பத்தின் வாழ்க்கை நிலை எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறதாம். வீட்டில் பொழுதுபோக்குச் சாதனங்களும் நகையும் காணப்பட்டனவாம். பிள்ளை உதவியில்லாமல் நிற்கிறாளாம், ஆகவே திட்டம் தன் நோக்கத்தை அடைந்துவிட்டதாம். இந்த வருட நிதியை இதைவிடத் தேவையுள்ள ஓர் இடத்துக்குக் கொடுக்கப் போகிறார்களாம். எங்கள் அருமையான பணிக்கு வாழ்த்தும் தெரிவித்திருந்தார்கள்.

வாழ்த்து. அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பன்னிரண்டு எண்ணும் வரை நின்ற ஒரு பிள்ளையைப் பார்த்து, வேலை முடிந்தது என்று எழுத ஒரு கை வருகிறதென்றால் அந்தக் கைக்கு என்ன படிப்புச் சொல்லிக் கொடுத்தார்கள்? பத்து வீட்டில் ஒவ்வொன்றாக இருந்ததை ஒரு வீட்டுச் செல்வம் என்று எண்ணிவிட்டுப் போனவருக்கு, அந்தப் பத்து வீட்டையும் திறந்து பார்க்கத் தோன்றவில்லையே. அன்றிரவே உட்கார்ந்து, டிவி யாருடையது, சங்கிலி யாருடையது, ஏன் அப்படிச் சொன்னாள் என்று ஐந்து பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன். குழு எடுத்த முடிவை மாற்ற முடியாது, அடுத்த சுற்றில் விண்ணப்பிக்கலாம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

சேர் என்னைத் திட்டவில்லை. “சொல்லலதானே?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். திட்டியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன், அதற்கும் வழியில்லாமல் போயிற்று. என் ஒன்பது வயதுச் செருப்புக்காக நான் கட்டிக் காத்த மானத்துக்கு இந்தப் பிள்ளையின் கால் விலையாகப் போனது என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. என் மீது எனக்கு வந்த கோபம் அறக்கட்டளை மீது வந்ததைவிடக் குறைவில்லை.

தாயிடம் நான்தான் போய்ச் சொன்னேன். டிவியையும் சங்கிலியையும் பற்றிச் சொல்லாமல், இந்த வருடம் கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன்.

“கேக் நல்லா இல்லையா மிஸ்?” என்றாள்.

அதற்குப் பிறகு மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பிள்ளையின் பாவாடையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

பிசியோ மிஸ் சம்பளமில்லாமல் ஏழு வாரம் வந்தாள். பஸ் காசைக்கூட வாங்க மறுத்தாள். அவளுக்கும் வீடு உண்டு, வயதான உம்மா இருக்கிறார், பிறகு கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போனாள். போவதற்கு முன் எந்தத் தசையை எப்படி நீட்டுவது என்று தாய்க்குக் காட்டிக் கொடுத்தாள். தாய் முயன்றாள். அது கொழுந்து மலிந்த காலம், மலையில் வேலை அதிகம். மலையிலிருந்து மாலையில் இறங்கி, விறகு வெட்டி, சமைத்து முடித்து உட்காரும்போது அவளுடைய விரல்களே மடங்காது. அந்த விரல்களால் ஒரு பிள்ளையின் இறுகிய காலை அரை மணி நேரம் பிடித்து நீட்ட வேண்டும். பிள்ளை வலியில் கத்துவாள். பல நாள் தாய் விட்டுவிடுவாள், நானாக இருந்தாலும் விட்டிருப்பேன். அதே காலத்தில் பிள்ளை கிடுகிடுவென்று வளர்ந்தாள்.

அடுத்த சுற்று வருவதற்குள் பத்து மாதம் போய்விட்டது. ஒரு விடுமுறை நாளில் பிசியோ மிஸ்ஸைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் பிள்ளையின் பாதத்தைக் கையில் வைத்து மெதுவாக மேலே தள்ளினாள். பாதம் அசையவில்லை. கம்பிக்கு நடுவில் தூக்கி நிறுத்தினாள். குதிகால் தரையைத் தொடவில்லை, முழங்கால்கள் மடங்கி ஒன்றோடொன்று முட்டின. பிள்ளை ஒன்று என்று எண்ணத் தொடங்கி, இரண்டு சொல்வதற்குள் சரிந்தாள். ஏமாற்றி எண்ணக்கூட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

வெளியே வந்ததும் பிசியோ மிஸ், “இறுகிட்டுது அக்கா. இனி மாவுக்கட்டுப் போட்டுத்தான் நீட்டணும். அதுலயும் சரிவராட்டி ஆப்பரேஷன். நாங்க ஆரம்பிச்ச இடத்துக்கும் பின்னால போயிட்டம்” என்றாள்.

மறுபடி அதே மேடம் வருவதாகக் கடிதம் வந்தது. “இந்தத் தடவையாவது சொல்லிடுங்க” என்றார் சேர். போனேன். தாய் பைப்படியில் வாளியோடு நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

“தெரியும் மிஸ். இந்தத் தடவ யாருக்கிட்டயும் ஒண்ணும் வாங்க மாட்டேன். புள்ளைக்கும் பழைய கவுனு போட்டு வைக்கிறேன்.” வாளியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “தேத்தண்ணி குடுக்கலாம்தானே?”

“குடுங்க தங்கச்சி.”

“எந்தக் கப்புல குடுக்கட்டும்?”

அன்பளிப்பு கொடுக்க வந்தவர்களுக்காக ஒரு பெண்ணின் வாயிலிருந்து அந்தக் கேள்வியை வரவைத்தோமே, அதற்கு நான் உட்பட எங்கள் எல்லோரையும் செருப்பால் அடிக்க வேண்டும். உங்களிடம் இருக்கிற கோப்பையில் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பி வந்தேன்.

மேடம் வந்த நாளில் இஸ்தோப்பில் ஒரே ஒரு கதிரை இருந்தது. அடுத்த வீட்டுப் பெண்கள் யாரும் வாசலுக்கு வரவில்லை. பிள்ளை சுவரில் சாய்ந்து சாக்கில் உட்கார்ந்திருந்தாள். இப்போது ஒன்பது வயதுக்காரி. மேடம் குனிந்ததும் அவள், “அன்னைக்கு நான் நின்னேனே, நீங்க படம் புடிச்சீங்களே” என்றாள். நல்லா ஞாபகம் இருக்கு என்றார் மேடம். உண்மையாகவே அவருடைய கண் கலங்கியது. பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார், படம் எடுத்தார், தாயிடம் வருமானம் கேட்டு எழுதினார். விளிம்பு உடைந்த கோப்பையில் தேத்தண்ணியைப் பாதி குடித்தார்.

திரும்பி நடக்கும்போது என் தோளில் கைவைத்து, “இந்த முறை உங்கட கேஸ் நல்ல ஸ்ட்ரோங்” என்றார். “தேவை தெளிவாத் தெரியுது.”

அவர் என்னை ஆறுதல்படுத்தத்தான் சொன்னார். பன்னிரண்டு வரை நின்ற கால்களை நீங்கள்தானே இப்படி மடக்கினீர்கள் என்று அந்த வீதியிலேயே வைத்துக் கேட்டிருக்க வேண்டும். பணம் கிடைக்க வேண்டுமே என்று பல்லைக் காட்டிச் சிரித்தேன். நன்றி மேடம் என்றும் சொன்னேன்.

பணம் கிடைத்தது. தேவை என்ற இடத்தில் இந்தத் தடவை முழுப் புள்ளி. கடிதம் வந்த அன்றே பஸ் ஏறிப் போனேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் தாய் வரிசையில் நின்றாள். இடுப்பில் கட்டிய சாக்கு நனைந்து சேறாக இருந்தது. வரிசையை விட்டு விலகி வந்து நான் சொன்னதைக் கேட்டாள். பிசியோ மிஸ் தனியார் வேலையில் நேரத்தைக் குறைத்துக்கொண்டு மறுபடி வருவாள், மாவுக்கட்டுக்கு ஆஸ்பத்திரியில் நாள் எடுக்கலாம், விடாமல் செய்தால் பிள்ளை மறுபடி நிற்பாள் என்று சொன்னேன்.

“எத்தன நாளைக்கு மிஸ் குடுக்கிறாங்க?”

“ஒரு வருஷத்துக்கு.”

“அதுக்குப் பொறகு?”

“மறுபடியும் வந்து பாப்பாங்க.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கோபமாகவோ குத்தலாகவோ கேட்கவில்லை. ஒரு விவரம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“அவங்க வர்றப்ப எம்புள்ள நிக்கணுமா மிஸ், நிக்கக் கூடாதா?”

அவளுடைய கூடையை நிறுக்கக் கூப்பிட்டார்கள். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு தராசடிக்குப் போனாள்.